மடக்கி உழுத வாரம்

சணப்பு இல்லை, தக்கைப்பூண்டு.
உப்பு மண்ணை அதுதான் தாங்கும் என்றார்கள்
மாதவரம் விதைக்கடையில்.
நாற்பது சென்ட்டுக்கு எட்டு கிலோ.
சடையங்குப்பம் தாண்டி,
பாதி குத்தகையிலும் பாதி பிடிவாதத்திலும் எடுத்த நிலம்.
கிணற்றை இறைத்தால் முதல் வாய் இனிக்கும்
மூன்றாம் வாய் கரிக்கும்.

பகலில் மணலியில் யூரியா மூட்டை தைக்கிறேன்.
காண்ட்ராக்ட்.
காற்றைப் பிடித்து, நெருப்பில் காய்ச்சி,
இரும்புக் குழாயில் நெருக்கி நெருக்கி
வெள்ளைக் குருணையாக்கும் இடம்.
சட்டையை உதறினால் வாசல்படியில் கொஞ்சம் உதிரும்,
பக்கத்து வீட்டுத் துளசி அதிலேயே தழைக்கிறது.

"ரெண்டு மூட்டை போட்டா முடிஞ்சிது,
இன்னாத்துக்கு இந்தப் பூண்டு?"
என்றான் குணபூஷணம், டிபன் டப்பாவை மூடியபடி.
முப்பதாம் நாள் ஒரு செடியைப் பிடுங்கி
பேப்பரில் சுற்றிக் கொண்டுபோனேன்.
வேரெல்லாம் கடுகுக் கடுகாய் முடிச்சு.
ஒன்றை நகத்தால் கிள்ளினேன்.
உள்ளே இளஞ்சிவப்பு,
பல் முளைக்காத ஈறு போல.
"இதுவும் அதே காத்ததாண்டா புடிக்குது,
சைரன் இல்லாம."
அவன் சிரிக்கவில்லை.
செடியை வாங்கி லாக்கரில் வைத்துக்கொண்டான்.

நாற்பத்தைந்தாம் நாள் தோள் உயரம்.
நுனியில் ஒன்றிரண்டு மஞ்சள் பூ,
எங்கிருந்தோ தேனீக்கள்.
இந்தப் பக்கம் நான் கடைசியாகத் தேனீ பார்த்தது
ஒரு கரும்புச்சாறு வண்டியில்.
எத்திராஜு ரொட்டவேட்டரை வேலியோரம் நிறுத்திவிட்டு
இறங்காமலே பீடி பற்றவைத்தான்.
"பூ வெச்சிருக்குதேண்ணா."
"பூ வெச்சதாலதான்."
"ஒரு பத்து நாள் வுட்டா வெத கட்டும்."
"தண்டு கட்டையாயிடும். மக்காது."
வளர்ந்ததை அறுக்கணும், அறுத்ததை விக்கணும்,
அவன் கணக்கு அதோடு முடிகிறது.
மணி வாடகை ஓடுவதை ஞாபகப்படுத்தினேன்.

பச்சை சரிந்தது.
கத்தி சுழலும் இரைச்சலுக்குள்
ஈரத்தண்டு முறிவது எனக்குக் கேட்டது.
இல்லவேயில்லை என்கிறான் எத்திராஜு.
தேனீக்கள் கொஞ்ச நேரம்
பூ இருந்த உயரத்திலேயே பறந்தன.

தண்ணீர் கட்டிய மூன்றாம் இரவு
வாடை கிளம்பிற்று.
புளிப்பு, அழுகல், நடுவே கோமியத்தின் ஓர் இழை.
பதினொன்றேகால் மணிக்கு வேலிப் படலில் டார்ச்சுகள்.
முகத்தில் ஈரத்துண்டு கட்டிய பத்துப் பதினைந்து பேர்.
முன்னால் சகாயராணி, இடுப்பில் குழந்தை,
அதன் மூக்கிலும் நனைத்த துண்டு.
"எந்தக் கம்பெனி?" என்றாள்.
"உள்ள வேல பாக்குறவன் நீதான? சொல்லு."
ஒருவர் ரேஷன் கார்டை மஞ்சப்பையில் எடுத்து வந்திருந்தார்.
ஒருவர் லுங்கி நுனியைத் தூக்கிப் பிடித்து
காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.
இங்கே இது எல்லோருக்கும் கைவந்த வேலை.

வரப்பிலிருந்து இறங்கிச் சேற்றில் கைவிட்டு
ஒரு பிடி அள்ளி வந்தேன்.
கறுத்த இலை, நைந்த தண்டு, வழவழப்பு.
டார்ச்சுகள் எல்லாம் என் உள்ளங்கைக்கு வந்தன.
சகாயராணி துண்டை இறக்கினாள், குனிந்து முகர்ந்தாள்.
"அழுவுது."
"ஆமா."
"கேஸ் இல்ல?"
"செடி."
"தன்னாலயா?"
"தன்னாலதான்."
யாரோ சிரித்தார்கள்.
யாரோ என் பரம்பரையையே திட்டினார்கள்,
அதுவும் நியாயம்தான், தூங்குகிற நேரம்.
"அடுத்த தபா அழுவுறதுக்கு முன்னாடி
சொல்லிட்டு அழுவு" என்றாள் அவள்,
செடியைச் சொன்னாளா என்னையா, தெரியவில்லை.

விடியலில் வேலிமேல் குழந்தையின் துண்டு கிடந்தது.
காய்ந்துவிட்டது.
அனல்மின் சாம்பல் மெல்லிசாய் அதில் படிந்திருந்தது.
உதறினேன்.
சாம்பல் சேற்றில் இறங்கியது,
பக்கத்தில் ஒரு குமிழி வந்து உடைந்தது.
விதைக்க இன்னும் பத்து நாள்.

இரண்டு முறை சோப்புப் போட்டும்
கைவாடை போகவில்லை.
ஆறு மணி ஷிஃப்ட்டுக்குக் கேட்டில் கையெழுத்துப் போட்டேன்.
காவலாளி மூக்கைச் சுளித்து
என்னைப் பார்க்காமல் நிமிர்ந்து
கம்பத்து உச்சியில்
காற்றுத்திசை காட்டும் துணிக்குழாயைப் பார்த்தான்.